ஏட்டுச் சுரைக்காயும் கிடங்குச் சரக்கும்

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், கனடாவில் தன் முதல் கடைகளைத் திறந்தது. அதுவரை எல்லை தாண்டிப் போய் அந்தக் கடையில் சாமான் வாங்கிவந்த கனடாக்காரர்கள், இனி நம் ஊரிலேயே கிடைக்கும் என்று ஆவலோடு வந்தார்கள். வந்தவர்களை வரவேற்றவை காலி அலமாரிகள். அன்றாடம் வேண்டிய பொருள்கூட இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அடுத்த வாரம் வந்து பார்த்தார்கள், அப்போதும் இல்லை. பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள்.

அதே நாள்களில் அந்த நிறுவனத்தின் கிடங்குகளில் கால் வைக்க இடமில்லை. பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. வெளியே போகும் வழிதான் அடைபட்டிருந்தது. கடையில் பொருள் இல்லை, கிடங்கில் இடம் இல்லை. இரண்டு குறையும் ஒரே நிறுவனத்தில், ஒரே நேரத்தில். 2015 ஜனவரி 15 அன்று, கனடாவை விட்டே வெளியேறுவதாக டார்கெட் அறிவித்தது. 133 கடைகள் மூடப்பட்டன. சுமார் 17,600 பேர் வேலை இழந்தார்கள்.

கடைகள் அமைந்த இடம், விலை, தாங்க முடியாத வேகம் என்று இந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நிரம்பிய கிடங்குக்கும் காலி அலமாரிக்கும் நடுவே என்ன நடந்தது என்று அறிய வேண்டுமானால், அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சரக்கை வாங்கி, வைத்து, விற்கும் எந்தத் தொழிலுக்கும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது.

பேரேடு எழுதும் கணினி

பழைய மண்டிக்கடைகளில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார். எத்தனை மூட்டை வந்தது, யாருக்குக் கடன், யாரிடமிருந்து வரவு, கையிருப்பு எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய பேரேட்டில் இருக்கும். ஒரு பெரிய நிறுவனத்தில் கொள்முதலுக்கு ஒரு பேரேடு, விற்பனைக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால், மாதக் கடைசியில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் ஒரே பேரேடாக்கும் மென்பொருளைத்தான் இ.ஆர்.பி. என்கிறோம். 'நிறுவன வளத் திட்டமிடல்' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

1972இல் ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் தொடங்கிய சாப் நிறுவனம் இந்தத் துறையின் முன்னோடி. அதே காலத்தில் தொழிற்சாலைத் திட்டமிடலுக்கும் ஒரு கணக்கு முறை பரவியது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஜோசப் ஆர்லிக்கி 1975இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். கணக்கு எளிமையானது. 100 சைக்கிள் செய்ய வேண்டும், ஒரு சைக்கிளுக்கு 2 சக்கரம், ஆக 200 சக்கரம் வேண்டும். கையில் 60 இருக்கிறது. மீதி 140 வாங்க வேண்டும். சக்கரம் வந்துசேர 3 வாரம் ஆகும். எனவே 3 வாரத்துக்கு முன்பே ஆர்டர் போட வேண்டும். இதையே ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களுக்குக் கணினி இரவோடிரவாகப் போட்டு முடித்தது. இத்தகைய கணக்குகளும் கொள்முதலும் நிதியும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இ.ஆர்.பி. என்று பெயர் வைத்தது.

மேலே சொன்ன சைக்கிள் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. தொழிற்சாலையால் அந்த வாரத்தில் 100 சைக்கிள் செய்ய முடியுமா, லாரி கிடைக்குமா, கிடங்கில் இடம் உண்டா என்றெல்லாம் அது கேட்பதில்லை. நடந்ததைத் துல்லியமாக எழுதிவைப்பதுதான் பேரேட்டின் பலம். நடக்கப்போவதைக் கணிக்கவும், இருக்கும் வசதிக்குள் எது முடியும் என்று பார்க்கவும் வேறொரு மூளை வேண்டியிருந்தது.

அந்த மூளைதான் விநியோகச் சங்கிலி மென்பொருள். 'விநியோகச் சங்கிலி மேலாண்மை' என்ற சொல்லைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர், ஆண்டு 1982. மூலப்பொருள் தருபவர் முதல் கடையில் வாங்குபவர் வரை உள்ள முழு வழியையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கச் சொன்னது அந்தப் பார்வை. அடுத்த சில ஆண்டுகளில் இதற்கென்றே தனி மென்பொருள்கள் வந்தன. ஒன்று அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று கணிக்கும். ஒன்று கிடங்கில் எந்தப் பெட்டியை எந்த அடுக்கில் வைப்பது என்று சொல்லும். இன்னொன்று எந்த லாரி எந்த வழியில் போக வேண்டும் என்று பார்க்கும்.

டார்கெட் கனடாவிலும் இப்படித்தான் அமைந்திருந்தது. பேரேட்டுக்குச் சாப், கணிப்புக்கும் கடைகளுக்குச் சரக்கு நிரப்புவதற்கும் ஜே.டி.ஏ., கிடங்குக்கு மான்ஹாட்டன். மூன்றும் அன்று பெயர் பெற்றவை, உலகின் பல இடங்களில் நன்றாக ஓடியவை.

ஏன் இணைக்க வேண்டும்?

கணிப்பவரும் கணக்கு எழுதுபவரும் தனித்தனியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். அப்படி இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம்.

ஒரு கடையில் வாரம் 100 சோப்பு விற்கிறது. ஒரு வாரம் 110 விற்றது. கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று 120 கேட்கிறார். மொத்த வியாபாரிக்குக் கடையில் விற்றது 110 என்று தெரியாது; தன்னிடம் கேட்டது 120 என்றுதான் தெரியும். தேவை ஏறுகிறது என்று எண்ணி அவர் கம்பெனியிடம் 150 கேட்கிறார். கம்பெனியோ 200 செய்துவிடுகிறது. அடுத்த வாரம் கடையில் மறுபடியும் 100தான் விற்கிறது. இப்போது எல்லோரிடமும் சரக்கு தேங்கி, எல்லோரும் ஆர்டரை நிறுத்துகிறார்கள். கம்பெனியில் இயந்திரம் நின்றுபோகிறது. கடையில் எழுந்த சின்ன அசைவு, மேலே போகப் போகப் பேரலையாகிறது.

இந்த ஊசலாட்டத்தைக் கணித மாதிரிகளால் முதலில் விளக்கியவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர். அவருடைய நூல் வந்தது 1961இல். சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி வீச்சாகச் சுழல்வதுபோல் இருப்பதால் இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயப்பர் விற்பனையில் இதைக் கண்டது. குழந்தைகள் டயப்பரைப் பயன்படுத்துவது வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் விநியோகஸ்தர்கள் போட்ட ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. ஆய்வாளர் ஹாவ் லீயும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதன் காரணங்களை வகுத்துக் காட்டியது. முதன்மையான மருந்து என்று அவர்கள் சொன்னது தகவல் பகிர்வு. கடையில் உண்மையில் விற்றது எவ்வளவு என்பது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் நேராகத் தெரிய வேண்டும்.

பேரேட்டையும் விநியோகச் சங்கிலி மென்பொருளையும் இணைப்பது இதற்காகத்தான். கடையின் கல்லாப்பெட்டியில் பார்கோடு 'பீப்' என்று ஒலித்ததும் இருப்பு குறைகிறது. கணிப்பு மென்பொருள் அதைப் பார்த்து அடுத்த தேவையைச் சொல்கிறது. பேரேடு அதைக் கொள்முதல் ஆணையாக மாற்றி சப்ளையருக்கு அனுப்புகிறது. சரக்கு புறப்பட்டதும் சப்ளையரின் கணினி முன்னறிவிப்பு தருகிறது. கிடங்கு மென்பொருள் இடத்தை ஒதுக்கி வைக்கிறது. சரக்கு இறங்கியதும் பேரேட்டில் வரவு ஏறுகிறது. சப்ளையருக்குப் பணம் போகிறது. இந்த வட்டம் ஓர் இடத்தில் அறுந்தாலும் மனிதர்கள் போனிலும் எக்செல் தாளிலும் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

ஒரு பெட்டியின் கதை

இணைப்பு என்றதும் இரண்டு கணினிகளுக்கு நடுவே கம்பி இழுப்பதுதான் நினைவுக்கு வரும். கம்பி இழுப்பது இதில் சுலபமான பகுதி. கடினமான பகுதி எது என்பதை ஒரே ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் பார்க்கலாம்.

12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் கொண்ட ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் அளவுகள் சென்டிமீட்டரில். கணினியில் அந்தப் பெட்டியைப் பதிவுசெய்பவர் 30.48 என்று போட வேண்டும். அவசரத்தில், சப்ளையர் தந்த தாளில் இருந்த 12ஐ அப்படியே தட்டிவிடுகிறார். கணினிக்கு எந்தச் சந்தேகமும் வராது. 12 சென்டிமீட்டர் பெட்டி உலகில் இல்லாததல்லவே.

இப்போது கணக்குப் போடுங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இந்தப் பிழை சேரும்போது கொள்ளளவு 2.54 × 2.54 × 2.54, அதாவது ஏறக்குறைய 16 மடங்கு தவறாகிறது. 1,000 பெட்டி ஏற்றக்கூடிய லாரியில் 16,000 பெட்டி ஏறும் என்று கணினி நம்புகிறது. கிடங்கில் ஒரு சிறிய தட்டை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. சரக்கு வந்து இறங்குகிறது. கிடங்கு ஊழியர் கையில் உள்ள கருவி காட்டும் தட்டில் பெட்டி நுழையவே நுழையாது. அவர் அதைக் கீழே, நடைபாதையில் வைக்கிறார். அடுத்த பெட்டியும் அங்கேதான். மாலைக்குள் நடைபாதை அடைபடுகிறது. கணினியில் அந்தச் சரக்கு தட்டில் இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை. கடையிலிருந்து கேட்டு வரும்போது அதை எடுத்துக்கொடுக்க யாராலும் முடியாது.

டார்கெட் கனடாவில் நடந்தது இத்தகையதுதான். ஏறக்குறைய 75,000 பொருள்களின் விவரங்களைக் குறுகிய காலத்தில் புதிய அமைப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. அங்குலமும் சென்டிமீட்டரும் மாறின. நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம் இருந்தது. பணமதிப்புகூடச் சில இடங்களில் தவறாகப் பதிந்தது. நிறுவனத்தின் உள்ளே எடுத்த மதிப்பீட்டில், கனடா அமைப்பில் இருந்த தரவுகளில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்ததாகப் பின்னர் செய்தி வெளியானது. அமெரிக்காவில் அதே நிறுவனத்தின் துல்லியம் 98 முதல் 99 சதவீதம்.

தவறான அந்த எண் ஒரு மென்பொருளில் மட்டும் இருந்திருந்தால் சேதம் அங்கேயே நின்றிருக்கும். பேரேட்டிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கணிப்புக்கும் ஓடும் பாதை போடப்பட்டிருந்ததால் பிழையும் அதே வேகத்தில் ஓடியது. குழாய் எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீரைக் கொண்டுபோகும். தொட்டி கெட்டுப்போனால் கெட்ட தண்ணீரையும் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகும்.

எந்திரம் பிடிக்கும் பிழை, பிடிக்க முடியாத பிழை

பிழைகளைக் கணினியே பிடித்துவிடாதா? சிலவற்றைப் பிடிக்கும். உங்கள் வீட்டுச் சோப்புப் பெட்டியில் உள்ள பார்கோடைப் பாருங்கள். 13 இலக்கங்கள் இருக்கும். இந்திய அமைப்பில் பதிவான நிறுவனங்களின் எண்கள் 890 என்று தொடங்கும். கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். முதல் 12 இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டு வருவது அது.

8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 8, 0, 2, 4, 6, 8, கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் சேர்த்தால் 130. அது பத்தின் மடங்கு என்பதால் கடைசி இலக்கம் 0. சரியாக இருக்கிறது. யாரோ 4ஐ 7 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 133 ஆகிவிடும். கடைசி இலக்கம் 7 ஆக இருந்திருக்க வேண்டும். 0 இருப்பதைப் பார்த்ததும் கணினி 'இது தவறு' என்று நிறுத்திவிடும். ஒரே இலக்கம் மாறினால் எந்த இடத்தில் மாறினாலும் இந்தக் காவல்காரர் கண்டுபிடித்துவிடுவார். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மேல் முதன்முதலாக ஸ்கேனர் ஓடிய நாளிலிருந்து சில்லறை வணிகத்தைத் தாங்கி நிற்கும் எளிய கணிதம் இது.

இதைப்போல வேறு காவல்களும் உண்டு. இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே போகும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி எண் கொடுப்பார்கள். நடுவில் இணைப்பு அறுந்து, 'போய்ச் சேர்ந்ததா' என்று தெரியாமல் அதே கொள்முதல் ஆணை இரண்டாம் முறை அனுப்பப்பட்டால், பெறுகிற மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே வந்தது என்று ஒதுக்கிவிடும். இல்லையென்றால் 500 பெட்டிக்குப் பதில் 1,000 பெட்டி வாசலில் வந்து நிற்கும். இரவில் இரு பக்க இருப்பையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றைக் காலையில் பட்டியலாகக் கொடுப்பதும் நல்ல இணைப்பின் வழக்கம்.

ஆனால் இவையெல்லாம் எண்ணின் வடிவத்தையும் அதன் பயணத்தையும் காப்பவை. 12 என்று பதிந்திருக்கும் பெட்டி உண்மையில் 30.48தானா என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒருவர் அளந்தால்தான் தெரியும்.

கணினி அறியாத அறை

இன்னொரு கதை, சாக்லேட் செய்யும் ஹெர்ஷி நிறுவனத்துடையது. 1990களின் இறுதியில் சாப் பேரேட்டையும், மனுஜிஸ்டிக்ஸ் என்ற திட்டமிடல் மென்பொருளையும், வாடிக்கையாளர் தொடர்புக்குச் சீபல் மென்பொருளையும் ஒன்றாகப் பொருத்தும் பெரிய திட்டம் அங்கே நடந்தது. செலவு 11.2 கோடி டாலர். 48 மாதங்கள் தேவை என்று கருதப்பட்ட வேலையை 30 மாதங்களில் முடிக்க முனைந்தார்கள். 1999 ஏப்ரலில் ஓட வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஜூலை என்பது அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு ஜவுளிக்கடை தன் கல்லாப்பெட்டி, ஸ்டாக் கணக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதுபோல் ஆயிற்று.

சரக்கு இருந்தது, அனுப்பத்தான் முடியவில்லை. இங்கே ஒரு சின்ன விவரம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. பண்டிகைக் காலத்தில் உற்பத்தி பெருகும்போது, தொழிற்சாலைக்குள் காலியாக இருந்த அறைகளிலும் வேறு தற்காலிக இடங்களிலும் சாக்லேட்டை அடுக்கிவைப்பது அங்கே வழக்கம். அங்கே வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். புதிய அமைப்பில் அந்த இடங்களுக்கு ஒரு குறியீடு தரப்படவில்லை. குறியீடு இல்லாத இடத்தில் இருக்கும் சரக்கு கணினிக்கு இல்லாத சரக்குதான். 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை ஹெர்ஷியால் உரிய நேரத்தில் கொடுக்க முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

அனுபவமுள்ள ஊழியர்களின் தலைக்குள் இருந்த அறிவை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. கணக்குப்பிள்ளை ஓய்வுபெற்றுப் போகும்போது பேரேட்டை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை வாங்க மறந்ததுபோல. ஹெர்ஷி பாடம் கற்றுக்கொண்டது. 2002இல் அதே சாப்பின் அடுத்த பதிப்புக்குப் போனபோது வேலை சிக்கலின்றி முடிந்தது. மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் மாறவில்லை. வேலை செய்த முறை மாறியிருந்தது.

அளவுகோலே வளைந்தால்

டார்கெட் கனடாவில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் தங்கள் பொருள் எத்தனை சதவீதம் இருப்பில் இருக்கிறது என்பதை வைத்து அங்கே திட்டமிடும் ஊழியர்களை மதிப்பிட்டார்கள். ஒரு பொருளுக்கான தானியங்கி நிரப்பலை அணைத்துவிட்டால், அது அலமாரியில் இல்லாவிட்டாலும் அமைப்பு அதை 'இல்லை' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாது. சிலர் அப்படி அணைத்துவைத்ததாகச் செய்தி வந்தது. அறிக்கையில் எண் உயர்ந்தது. அலமாரி காலியாகவே கிடந்தது.

அந்த ஊழியர்களை மட்டும் குறைசொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை. தரவு தவறு என்று சொல்வதற்கு அவகாசமும் துணிவும் தராமல், எண் குறைந்தால் மட்டும் கேள்வி கேட்கும் இடத்தில் மனிதர்கள் எண்ணைத்தான் திருத்துவார்கள். இணைக்கப்பட்ட மென்பொருள்கள் அந்தத் திருத்திய எண்ணை உண்மை என்று எடுத்துக்கொண்டு அடுத்த முடிவை எடுக்கும். நிரப்பல் அணைந்திருந்த பொருளுக்கு யாரும் ஆர்டர் போடவே மாட்டார்கள்.

டேப்பும் டார்ச்சும்

இன்று தமிழ்நாட்டின் வாகனத் தொழிற்சாலைகளிலும், திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியிலும், நகரத்து இணையவழி மளிகைக் கிடங்குகளிலும் இந்த இணைப்பு வேலை நாள்தோறும் நடக்கிறது. பல இளைஞர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கம்பி இழுப்பதற்கு முன், ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே அலகு என்று எல்லாத் துறையும் ஒப்புக்கொண்டதா என்று பாருங்கள். கொள்முதல் துறைக்கு 'ஒன்று' என்றால் 24 சோப்பு கொண்ட ஒரு பெட்டி, கடைக்கு 'ஒன்று' என்றால் ஒரு சோப்பு என்று இருந்தால், எவ்வளவு நல்ல மென்பொருளும் 24 மடங்கு தவறைத்தான் வேகமாகச் செய்துமுடிக்கும். பண்டிகைக்கு முன் மாற்றாதீர்கள். ஒரு கிடங்கில், சில பொருள்களில் ஓட்டிப்பார்த்த பின் மற்ற இடங்களுக்குப் போங்கள். எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்றார்கள் நம் முன்னோர். இன்று ஏட்டில் இருக்கும் சுரைக்காய்தான் லாரியை அழைக்கிறது, பணம் கொடுக்கிறது, அடுத்த சுரைக்காய்க்கு ஆர்டர் போடுகிறது. அதனால் ஏட்டுச் சுரைக்காயும் தோட்டத்துச் சுரைக்காயும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு வழிதான் உண்டு. அளக்கும் டேப்பும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு கிடங்கின் கடைசி வரிசைவரை ஒருவர் நடந்துபோக வேண்டும். பெட்டியை அளக்க வேண்டும், எண்ண வேண்டும், கணினியில் இல்லாத அறை ஏதாவது இருக்கிறதா என்று அங்கே வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். டார்கெட் கனடாவிலும் ஒரு கட்டத்தில் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தரவுகளை வரி வரியாகச் சரிபார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். தொடக்கத்திலேயே அதற்குப் போதிய நேரம் ஒதுக்கியிருந்தால், முதல் நாள் ஆவலோடு வந்தவர்களுக்கு அலமாரியில் பொருள் இருந்திருக்கும்.